22 வாரக் கர்ப்பம், சுருங்கிய மைட்ரல் வால்வு: ஓர் அண்ணனின் கேள்விக்குப் பதில்

தம்பி,

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாக எழுதிக்கொள்கிறேன். இதே நிலையில் இருக்கும் வேறு வீட்டாருக்கும் உதவும். தங்கைக்கு 24 வயது. முதல் பிள்ளை, 22 வாரம். ஒரு மாதமாகப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, இரவில் படுத்தால் இருமல். எக்கோ எடுத்ததில் 'மைட்ரல் ஸ்டெனோசிஸ், வால்வுப் பரப்பு 1.0 சதுர சென்டிமீட்டர்' என்று வந்திருக்கிறது. பலூன் சிகிச்சை செய்யலாம் என்கிறார்கள். இந்த வயதில் எப்படி அடைப்பு வந்தது, பலூன் வைத்தால் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு எக்ஸ்ரே ஆபத்து இல்லையா, பிரசவம் வரை தள்ளிப்போட முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியாக ஒரு வரி: "தெரிஞ்சே மறைச்சுக் கட்டிக்கொடுத்துட்டீங்கன்னு மாப்பிள்ளை வீட்ல சொல்றாங்க."

அந்தக் கடைசி வரிக்குத்தான் முதலில் பதில். நீங்கள் எதையும் மறைக்கவில்லை. மறைக்க முடியாது, ஏனென்றால் உங்களுக்கே தெரிந்திருக்க வழியில்லை. இதய நோய்ப் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்க்கிறேன். கர்ப்பத்தின்போதுதான் முதல்முறையாக இந்த நோய் வெளியே தெரிந்த பெண்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். இது அப்படிப்பட்ட நோய். சிறுவயதில் வந்து, பல வருடம் சத்தமில்லாமல் கிடந்து, உடம்பு இரண்டு உயிருக்கு ரத்தம் ஓட்ட வேண்டிய நேரத்தில் முகத்தைக் காட்டும். மாப்பிள்ளை வீட்டாரிடம் இதை நீங்கள் சொன்னால் எடுபடாது. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மாமியாரையும் மாப்பிள்ளையையும் கூட அழைத்துப் போங்கள், மருத்துவர் வாயாலேயே கேட்கட்டும். இது பரம்பரை நோய் இல்லை, பிறக்கும் குழந்தைக்கு இதனால் இது வராது என்பதையும் அவர்கள் கேட்க வேண்டும்.

இனி நோய்க்கு வருகிறேன். நம் ஊரில் 'ஹார்ட்ல அடைப்பு' என்றால் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் கொழுப்பு படிவதைச் சொல்கிறோம். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இது இதயத்துக்குள்ளே இருக்கும் ஒரு கதவு சரியாகத் திறக்காத நோய். இதயத்தின் இடது பக்கத்தில் மேலே ஓர் அறை, கீழே ஓர் அறை. நுரையீரலில் சுத்தமாகி வரும் ரத்தம் மேல் அறையில் சேர்ந்து, கீழ் அறைக்கு இறங்கி, அங்கிருந்து உடம்பெல்லாம் போகிறது. அந்த இரண்டு அறைக்கும் நடுவில் இருப்பதுதான் மைட்ரல் வால்வு. கிறிஸ்தவ ஆயர்கள் தலையில் வைக்கும் இரண்டு மடல் கொண்ட தொப்பிக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரிலிருந்து வந்தது இந்தப் பெயர். மெல்லிய இரண்டு இதழ்கள். நல்ல வால்வு திறந்தால் 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் வழி கிடைக்கும். கையில் ஒரு இரண்டு ரூபாய் நாணயத்தை எடுத்துப் பாருங்கள், ஏறக்குறைய அந்த அளவு. உங்கள் தங்கைக்கு இருப்பது 1.0. அது ஒரு சட்டைப் பொத்தானின் அளவு. உடம்பில் ஓடும் ரத்தம் அத்தனையும் ஒவ்வொரு துடிப்புக்கும் அந்தப் பொத்தான் அளவு வழியாகத்தான் இறங்க வேண்டும்.

சரி, கதவு ஏன் சுருங்கியது? பெரும்பாலும் ஒரு தொண்டை வலியிலிருந்து. ஐந்து வயதிலிருந்து பதினைந்து வயதுக்குள் பிள்ளைகளுக்கு வரும் தொண்டைப் புண்ணில் ஒரு பகுதி 'ஸ்ட்ரெப்டோகாக்கஸ்' என்ற கிருமியால் வருவது. புண் ஆறிவிடும். ஆனால் அந்தக் கிருமியை அடிக்க உடம்பு தயாரித்த எதிர்ப்பு, சிலருக்கு ஆள் அடையாளம் தெரியாமல் சொந்த இதயத்தின் மேலேயே பாய்கிறது. கிருமியின் மேல்தோலில் இருக்கும் ஒரு புரதமும் இதயத்தில் இருக்கும் புரதங்களும் உருவத்தில் ஒத்திருப்பதுதான் காரணம். இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல் வரும். முழங்கால் வீங்கும், அது சரியாகிக் கணுக்கால் வீங்கும், பிறகு முழங்கை. இதுதான் ருமாட்டிக் காய்ச்சல். மூட்டை நக்கும், இதயத்தைக் கடிக்கும் என்று மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். மூட்டு வீக்கம் தடம் தெரியாமல் போய்விடும். இதய வால்வில் பட்ட புண் மட்டும் தழும்பாகும்.

அந்தத் தழும்பு செய்வதைத் துணி தைப்பவர்களுக்கு எளிதாகப் புரியவைக்கலாம். இரண்டு இதழும் சந்திக்கும் ஓரங்கள், யாரோ இரண்டு முனையிலிருந்தும் தையல் போட்டுக்கொண்டே வந்தது மாதிரி ஒட்டிக்கொள்கின்றன. நடுவில் மட்டும் ஒரு பிளவு மிஞ்சும். அறுவை மருத்துவர்கள் அதை மீன் வாய் என்பார்கள். திறந்து பார்த்தால் அப்படியேதான் இருக்கும்.

அம்மாவிடம் கேளுங்கள், பள்ளிக்கூட வயதில் தங்கைக்குக் காய்ச்சலோடு மூட்டு வீங்கி நடக்க முடியாமல் போனதுண்டா என்று. பலருக்கு நினைவிருக்காது. லேசாக வந்து போயிருக்கும், அல்லது 'வளர்ற பிள்ளைக்குக் கால் வலி' என்று விட்டிருப்பார்கள். அதற்காக அம்மாவைக் குறை சொல்லாதீர்கள். மேலைநாட்டுப் பாடநூல்களில் இந்தச் சுருக்கம் காய்ச்சல் வந்து இருபது முப்பது வருடம் கழித்து வெளிப்படும் என்று இருக்கும். நம் நாட்டில் அத்தனை காலம் எடுப்பதில்லை. 1963இலேயே டெல்லி எய்ம்ஸைச் சேர்ந்த சுஜாய் ராயும் அவருடைய குழுவினரும் இருபது வயதுக்குள்ளேயே வால்வு கடுமையாகச் சுருங்கிப்போன இந்தியப் பிள்ளைகளைப் பற்றி எழுதினார்கள். நெருக்கமான வீடுகள், திரும்பத் திரும்ப வரும் தொண்டைத் தொற்று, அதற்கு முழு மருந்து கிடைக்காமல் போவது எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. வீடுகளும் வாழ்க்கையும் மேம்பட்ட நாடுகளில் பென்சிலின் வருவதற்கு முன்பே இந்தக் காய்ச்சல் குறையத் தொடங்கிவிட்டது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்தச் சுருக்கம் அதிகம், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் பெண்கள்.

இத்தனை நாள் நன்றாக இருந்தவளுக்கு இப்போது மட்டும் ஏன் மூச்சு வாங்குகிறது என்பதை நான் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். இது புரிந்தால் வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது எல்லாம் தானாகப் புரியும்.

மைட்ரல் வால்வு இதயம் துடிக்கும்போது திறப்பதில்லை. துடித்து முடித்து இதயம் தளரும் நேரத்தில்தான் திறக்கிறது. நாடி நிமிடத்துக்கு 72 என்றால் ஒவ்வொரு துடிப்பிலும் ஏறக்குறைய அரை வினாடி அது திறந்திருக்கும். ஒரு நிமிடத்தில் மொத்தம் 36 வினாடி. நாடி 120க்கு ஏறினால் தளரும் நேரம்தான் வெட்டுப்படும், கால் வினாடிக்கு வந்துவிடும். மொத்தமாகப் பார்த்தால் நிமிடத்துக்கு 30 வினாடிதான் கதவு திறந்திருக்கும். நாடி வேகமானால் ரத்தம் அதிகமாக ஓடும் என்று நினைப்போம். சுருங்கிய வால்வு உள்ளவருக்கு நாடி வேகமாக வேகமாக, ரத்தம் இறங்குவதற்கு நேரம் குறைகிறது. இன்னொன்று, அதே ஓட்டை வழியாக இரண்டு மடங்கு ரத்தம் போக வேண்டுமானால் இரண்டு மடங்கு அழுத்தம் போதாது, நான்கு மடங்கு வேண்டும்.

கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவீதம் கூடுகிறது. நாடியும் பத்து இருபது கூடுகிறது. இரண்டு சுமையும் ஒரே கதவின் மேல். இறங்க முடியாத ரத்தம் மேல் அறையில் தேங்குகிறது, அங்கிருந்து பின்னோக்கி நுரையீரலில் தேங்குகிறது. உட்கார்ந்திருந்தால் கொஞ்சம் பரவாயில்லை. படுத்தால் காலிலும் வயிற்றிலும் இருந்த ரத்தமும் நெஞ்சுக்கு வந்து சேரும், இருமல் ஆரம்பிக்கும். எழுந்து உட்கார்ந்தால் அடங்கும். தங்கையின் இரவு இருமலுக்கு அர்த்தம் இதுதான்.

இந்த இருமல் பலரை ஏமாற்றியிருக்கிறது. ஒரு பெண் எங்களிடம் வந்தபோது நான்கு மாதமாக வீசிங் என்று நெபுலைசர் வைத்துக்கொண்டிருந்தாள். அந்த மருந்து நாடியை இன்னும் வேகப்படுத்தும், இன்னும் மூச்சு வாங்கும், இன்னொரு முறை நெபுலைசர். சளியில் ரத்தம் வந்ததால் டிபி என்று மருந்து சாப்பிட்டவர்களும் உண்டு. அந்தப் பெண்ணை இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஸ்டெதஸ்கோப்பின் கிண்ணம் போன்ற பக்கத்தை அழுத்தாமல் மார்பின் ஓரத்தில் வைத்தேன். முதல் ஒலி அறைந்து சாத்தின கதவுபோல் கேட்டது. இரண்டாவது ஒலிக்கு அடுத்தாற்போல் சின்னதாக ஒரு சொடக்கு. அதன்பின் வெகு தூரத்தில் மரப்பாலத்தின் மேல் வண்டி உருளுகிற மாதிரி ஓர் உறுமல். அந்தச் சொடக்கு எவ்வளவு சீக்கிரம் வருகிறதோ சுருக்கம் அவ்வளவு கடுமை. கர்ப்பிணிக்கு மூச்சு வாங்குவது சகஜம் என்று விடாமல், ஒரு தடவை ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கேட்டாலே போதும். கன்னம் ரோஸ் நிறமாகும் என்று பாடநூலில் இருக்கும். நம் நிறத்துக்கு அது தெரியாது, அதை நம்பி இருக்கக் கூடாது.

இப்போது பலூன். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தக் கதவைத் திறக்க மனிதர்கள் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் பயம் கொஞ்சம் குறையும் என்பதால் சொல்கிறேன். 1925இல் லண்டனில் ஹென்றி சவுட்டர் என்ற அறுவை மருத்துவர் ஓர் இளம்பெண்ணின் துடிக்கும் இதயத்துக்குள் தன் ஆள்காட்டி விரலை விட்டு வால்வைத் தொட்டு விரித்தார். அவள் பிழைத்தாள். ஆனாலும் அவரிடம் இன்னொரு நோயாளியை யாரும் அனுப்பவில்லை. நோய் இதயத் தசையில்தான், வால்வை விரித்து என்ன பயன் என்பது அன்றைய பெரிய மருத்துவர்களின் எண்ணம். இருபது வருடத்துக்கு மேல் அப்படியே கிடந்தது. எத்தனை பெண்கள் அதற்குள் போயிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை. 1948இல் அமெரிக்காவில் சார்லஸ் பெய்லி, அவருடைய முதல் நான்கு நோயாளிகளும் இறந்த பிறகு, ஐந்தாவதாக 24 வயதுப் பெண் ஒருத்தியைப் பிழைக்க வைத்தார். அதே வருடம் அமெரிக்காவிலேயே ஹார்க்கன் என்ற மருத்துவரும், லண்டனில் பிராக் என்பவரும் வெற்றி பெற்றார்கள். அப்புறம் அது நம் ஊருக்கும் வந்தது. வேலூர் சிஎம்சியில் ஸ்டான்லி ஜானும் சக மருத்துவர்களும், தாங்கள் இப்படி விரலாலும் விரிப்பானாலும் வால்வைத் திறந்த 3,724 பேரின் விவரத்தை 1983இல் வெளியிட்டார்கள். இன்றும் எங்கள் வெளிநோயாளர் பிரிவுக்கு வரும் சில வயதான அம்மாக்களுக்கு இடது மார்புக்குக் கீழே முதுகு வரை வளைந்து போகும் தழும்பு இருக்கும். கேட்டால், "கல்யாணமாகி மூணாம் வருஷம் வேலூர்ல திறந்தாங்க" என்பார்கள்.

அந்த விரலின் வேலையைத்தான் இன்று பலூன் செய்கிறது. ஜப்பானின் கான்ஜி இனோவே 1982இல் செய்து 1984இல் வெளியிட்ட முறை. நாங்கள் பி.டி.எம்.சி. என்போம், சிரை வழியாகப் போய் மைட்ரல் வால்வின் ஒட்டிய ஓரங்களைப் பிரிப்பது என்பதன் ஆங்கிலச் சுருக்கம். நெஞ்சைத் திறப்பதில்லை. தொடை இடுக்கில் இருக்கும் சிரை வழியாக ஒரு குழாய் போகும். இதயத்தின் வலது மேல் அறையிலிருந்து நடுச்சுவரில் சின்னத் துளை போட்டு இடது மேல் அறைக்குள் நுழையும். அங்கிருந்து வால்வுக்குள் பலூன் இறங்கும். இந்தப் பலூனின் அழகே அது விரியும் விதம்தான். முதலில் முன் பாதி உப்பும், அதை இழுத்து வால்வில் மாட்டிக்கொள்வார்கள். அடுத்துப் பின் பாதி உப்பும், இப்போது பலூன் உடுக்கை வடிவில் நடுவில் ஒடுங்கி, வால்வை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும். கடைசியில் அந்த இடுப்பு விரியும். திரையில் பார்த்தால் ஒடுங்கிய இடம் சட்டென்று நிமிரும், அந்தக் கணத்தில் ஒட்டிப்போன ஓரங்கள் தையல் பிரிவதுபோல் பிரிகின்றன. உடனே பலூனைச் சுருக்கி எடுத்துவிடுவார்கள். எல்லாம் சில வினாடிதான். எத்தனை மில்லிமீட்டர் பலூன் என்பதற்கு உயரத்தை வைத்து ஒரு கணக்கு உண்டு. சென்டிமீட்டரில் உயரத்தைப் பத்தால் வகுத்துப் பத்தைக் கூட்டுவார்கள். 160 செ.மீ. உயரம் என்றால் 26. முதலில் அதைவிடக் கொஞ்சம் குறைவாக வைத்துப் பார்த்துக் கூட்டிக்கொள்வார்கள். மேசையிலேயே பல பெண்கள் "மூச்சு லேசாயிருச்சு" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன்.

குழந்தைக்கு எக்ஸ்ரே. 20 வாரம் தாண்டி, உறுப்புகள் உருவாகி முடிந்த பிறகுதான் செய்ய விரும்புவோம். தங்கை அந்தக் கட்டத்தில் இருக்கிறாள். கதிர் போவது நெஞ்சுக்கு, வயிற்றுக்கு ஈயக் கவசம் போடுவார்கள், குழந்தையை எட்டுவது சிதறி வரும் சிறு பங்கு. கைதேர்ந்தவர்கள் கதிரைக் குறைந்த நேரமே பயன்படுத்துவார்கள். குழந்தைக்குத் தீங்கு செய்யும் அளவுக்கு அது வெகு கீழே. அம்மாவின் நுரையீரலில் நீர் கோத்து ஆக்சிஜன் குறைந்தால் குழந்தைக்கு வரும் ஆபத்துதான் பெரியது.

பலூனுக்கும் ஆபத்து உண்டு, மறைக்க மாட்டேன். தையல் பிரிய வேண்டிய இடத்தில் இதழ் கிழிந்துவிட்டால் வால்வு ஒழுக ஆரம்பிக்கும், அரிதாக அவசர அறுவை தேவைப்படும். நடுச்சுவரில் துளை போடும்போது இதயத்தைச் சுற்றி ரத்தம் கசியலாம். மேல் அறையில் ரத்தக் கட்டி இருந்தால் அது மூளைக்குப் போகலாம், அதனால்தான் உணவுக்குழாய் வழியாக இன்னொரு எக்கோ எடுத்துக் கட்டி இல்லை என்று உறுதி செய்துகொள்வார்கள். அடிக்கடி செய்யும் மருத்துவமனையில் செய்யுங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இவைதான்.

தள்ளிப்போட முடியுமா? சிலருக்கு முடியும். நாடியைக் குறைக்கும் மாத்திரை, நீர் இறக்கும் மாத்திரை, ஓய்வு, உப்பைக் குறைப்பது, இவற்றிலேயே மூச்சுத் திணறல் நன்றாக அடங்கினால் பிரசவம் வரை கண்காணிப்போடு போகலாம். மருந்து கொடுத்தும் படுத்தால் இருமல், நாலு அடி நடந்தால் மூச்சு என்றால் காத்திருக்கக் கூடாது. ரத்தத்தின் அளவு 28 முதல் 32 வாரத்துக்குள் உச்சத்தை நெருங்கிவிடும். 1.0 பரப்பும் இரவு இருமலும் உள்ள தங்கைக்கு, அதற்கு முன்பே பலூன் என்று மருத்துவர்கள் பேசுவது எனக்கு நியாயமாகவே படுகிறது. முடிவு அவளைத் தொட்டுப் பார்த்தவர்களுடையது. மாத்திரையை நீங்களாக ஆரம்பிக்கவோ நிறுத்தவோ வேண்டாம்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை சில. சோர்வாக இருக்கிறாள், ஒரு டிரிப்ஸ் போட்டால் தெம்பு வரும் என்று பக்கத்துக் கிளினிக்குக்கு அழைத்துப் போகாதீர்கள். ஏற்றும் ஒவ்வொரு பாட்டிலும் நுரையீரலில்தான் தேங்கும். இதை எழுதி அவள் கைப்பையிலேயே வையுங்கள், எங்கே போனாலும் காட்டட்டும். ரத்தசோகை நாடியை ஏற்றும், இரும்புச்சத்து மாத்திரையை விடாதீர்கள். காய்ச்சலும் அப்படியே, முதல் நாளே மருத்துவரிடம் காட்டுங்கள். ஏழாம் மாதம் வளைகாப்பு என்று யோசித்திருப்பீர்கள். கூட்டம், புழுக்கம், பட்டுப்புடவை, மணிக்கணக்கில் உட்கார்வது எல்லாம் சரியாக அந்த 28 வாரத்தை ஒட்டி வரும். வீட்டோடு பத்துப் பேர் வளையல் போட்டு முடித்துக்கொள்ளுங்கள். முதல் பிரசவம் தாய்வீட்டில் என்ற வழக்கத்தையும் இந்த முறை ஊரைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இதய மருத்துவரும் மயக்க மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் ஒரே கட்டடத்தில் இருக்கும் இடம் எதுவோ அதற்குப் பக்கத்தில் இருக்கட்டும். சிசேரியன் கட்டாயம் என்று நினைக்க வேண்டாம். வலி தெரியாமல் முதுகில் ஊசி போட்டு, கடைசியில் அவள் முக்கிச் சிரமப்படாதபடி கருவி வைத்து எடுப்பதே பெரும்பாலும் நல்லது.

பிள்ளை பிறந்ததும் எல்லாரும் மூச்சு விடுவோம். எங்களுக்குப் பயமான நேரம் அதுதான். கருப்பை சுருங்கும்போது அதில் இருந்த ரத்தம் அரை லிட்டர் வரை ஒரே நேரத்தில் இதயத்துக்குத் திரும்பும். முதல் ஒன்றிரண்டு நாளில் நுரையீரலில் நீர் கோத்து மோசமானவர்கள் உண்டு. குறைந்தது மூன்று நாளாவது தீவிரக் கண்காணிப்பில் வைத்திருந்தால் 'சுகப்பிரசவம்தானே, அனுப்பிவிடுங்கள்' என்று அவசரப்படுத்தாதீர்கள்.

படுக்கவே முடியாமல் போவது, இளஞ்சிவப்பாக நுரை நுரையாகச் சளி, நெஞ்சு தாறுமாறாகப் படபடப்பது, முகமோ கையோ ஒரு பக்கம் இழுப்பது, இதில் எது வந்தாலும் காலை வரை பொறுக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். வரும் வரை படுக்க வைக்காமல் காலைத் தொங்கவிட்டு உட்கார வையுங்கள்.

பலூன் வால்வைத் திறக்கும், தழும்பை எடுக்காது. பத்துப் பதினைந்து வருடத்தில் சிலருக்குத் திரும்பச் சுருங்கும். இன்னொரு தொண்டைத் தொற்று வந்தால் இன்னும் சீக்கிரம். அதனால்தான் மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போடச் சொல்வார்கள், 12 லட்சம் யூனிட். கர்ப்பத்திலும் போடலாம். இந்த அளவு வால்வு கெட்டவர்களுக்குக் குறைந்தது 40 வயது வரை. வெள்ளையாகக் கெட்டியாக இருக்கும் மருந்து, கரைத்ததும் போடாவிட்டால் ஊசியிலேயே அடைத்துக்கொள்ளும். இடுப்பில் ஆழமாகப் போடுவதால் இரண்டு நாள் உட்கார முடியாமல் வலிக்கும். அந்த வலிக்குப் பயந்தே பாதியில் விட்டு, ஐந்தாறு வருடம் கழித்துப் பழைய நிலையில் திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். 'இப்பத்தான் நல்லாயிருக்காளே, எதுக்கு ஊசி' என்று வீட்டில் யாரும் சொல்லிவிடக் கூடாது. தேதியைக் காலண்டரில் குறித்து நீங்களே அழைத்துப் போங்கள்.

செலவு பற்றியும் கவலைப்பட்டிருந்தீர்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் இன்றே விசாரியுங்கள். ஒப்புதல் வர நாள் ஆகலாம், நமக்கு வாரக்கணக்கு முக்கியம்.

எக்கோ அறிக்கையை எடுத்து நான்கு விஷயம் மட்டும் பார்த்து எனக்கு எழுதுங்கள்: நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்தம் எத்தனை, வால்வு ஒழுக்கு எந்த அளவு, 'வில்கின்ஸ் ஸ்கோர்' என்று 4க்கும் 16க்கும் நடுவில் ஓர் எண் போட்டிருக்கும் அது என்ன, இடது மேல் அறையில் கட்டி இருக்கிறதா இல்லையா. அந்த ஸ்கோர் 8 அல்லது அதற்குக் கீழே என்றால் பலூனுக்கு ஏற்ற வால்வு. இந்த வயதில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். இன்று இரவு அவளை இரண்டு மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தபடி, இடது பக்கம் திரும்பித் தூங்கச் சொல்லுங்கள்.